வீட்டுப் பட்டறையில் மின்பகுப்புத் துருநீக்கித் தொட்டி: எந்த உலோகம், எந்த உப்பு, எந்தப் பாத்திரம்?

ஹட்டன்_பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். தேயிலைத் தொழிற்சாலையின் பழைய சாமான்களோடு வாங்கிய பொருளை இறுக்கிப் பிடிக்கும் பெரிய வார்ப்பிரும்பு வைஸ் ஒன்றும், சில குழாய்க் குறடுகளும், தாத்தா பாவித்த கவ்வாத்துக் கத்திகளும் என்னிடம் இருக்கின்றன. பல மழைக்காலங்கள் சாக்குக்குள் கிடந்ததால் எல்லாம் துருவேறிப் போயின. கம்பித் தூரிகையால் தேய்த்தால் மேல் துரு போகிறதே தவிர, வைஸின் திருகுப் பள்ளங்களுக்குள் எதுவும் எட்டவில்லை. அமிலத்தில் ஊறவைத்தால் துருவோடு நல்ல இரும்பும் போய்விடும் என்பதால், நீருக்குள் மின்னைச் செலுத்தித் துருவை நீக்கும் மின்பகுப்பு முறையைக் கையாள எண்ணுகிறேன்.

60 லீற்றர் கொள்ளும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயும், பழைய 12 வோல்ற்று பற்றரி சார்ஜரும் கைவசம் உள்ளன. நேர்முனையில் தொங்கவிடுவதற்கு உடைந்த எவர்சில்வர் தட்டுகள், கூரை மாற்றியபோது மிஞ்சிய தகரம், கொங்கிரீட் கம்பித் துண்டுகள், ஒரு துண்டுச் செப்புக் குழாய் ஆகியவை இருக்கின்றன. இவற்றுள் எது தகும்? தண்ணீரில் கலப்பதற்குச் சமையல் உப்புப் போதுமா?

பதுளை_இரசாயனம்:

உங்கள் கேள்விகளில் கடைசியானதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதுதான் அவசரமானது. சமையல் உப்பு வேண்டவே வேண்டாம். உப்பு நீரில் மின்னைச் செலுத்தினால் நேர்முனையில், அதாவது அனோட்டில், குளோரீன் வாயு தோன்றும். அது நுரையீரலைப் பாதிப்பதோடு, நீங்கள் நேர்முனையில் தொங்கவிடும் இரும்பையும் வெகு விரைவில் அரித்துவிடும். சலவைச் சோடா எனப்படும் சோடியம் காபனேற்றே இந்த வேலைக்கு உரியது. லீற்றருக்கு 5 கிராம் அளவில் கரைத்தால் போதும். கூடுதலாகக் கரைத்தால் துரு விரைவாகப் போகும் என்று நினைத்து அள்ளிப் போடுவதால் சார்ஜர் சூடாவதுதான் மிச்சம்.

துருப்பிடித்த பொருள் எப்போதும் எதிர்முனையில், அதாவது கதோட்டாக இருக்க வேண்டும். அங்கே நீர் பிரிந்து ஐதரசன் குமிழ்களாக வெளியேறுகிறது; துருவின் ஒரு பகுதி கறுப்பு நிற ஒட்சைட்டாக மாறித் தளர்கிறது; குமிழ்கள் அதை உலோகத்திலிருந்து பெயர்த்துவிடுகின்றன. அடியிலுள்ள நல்ல இரும்பு கரைவதில்லை. முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் உங்கள் வைஸ் அனோட்டாகிக் கரையத் தொடங்கும் என்பதால், சார்ஜரின் சிவப்பு, கறுப்பு வயர்களை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து இணையுங்கள்.

அனோட்டைத் தெரிவு செய்யும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இந்த உலோகம் கரைந்தால் என் தொட்டிக்குள் என்ன வந்து சேரும்? இரும்பு கரைந்தால் துருச்சேறு வரும். அது ஏற்கெனவே தொட்டியில் இருப்பதுதான். செம்பு கரைந்தால் செப்பு அயன்கள் நீருக்குள் போய், உங்கள் வைஸின் மேல் செம்மை நிறப் படலமாகப் படியக்கூடும். கூரைத் தகரத்தின் பூச்சிலிருந்து நாகம், அதாவது துத்தநாகம், கரையும். எவர்சில்வரிலிருந்து குரோமியம் வரும், அதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. நீங்கள் சொன்னவற்றுள் கொங்கிரீட் கம்பியைத் தவிர வேறெதையும் நான் எடுக்க மாட்டேன்.

பண்டாரவளை_சைக்கிள்:

சேர் சொல்வதை மறுக்க வேண்டும் என்பது என் நோக்கமல்ல. ஆனால் சைக்கிள் ஹாண்டில்களையும் சங்கிலிச் சக்கரங்களையும் எவர்சில்வர் தட்டை அனோட்டாக வைத்துத்தான் நெடுங்காலமாகச் சுத்தம் செய்து வருகிறேன். கம்பியை வைத்தால் அதன் மேல் சேறு படிந்து, சிறிது நேரத்தில் மின்னோட்டம் குறைந்துவிடுகிறது. அதை எடுத்துச் சுரண்டி மீண்டும் போட வேண்டியிருக்கிறது. எவர்சில்வரில் அந்தத் தொல்லை இல்லை, தட்டும் தேய்வதாகத் தெரியவில்லை. சமையலறையில் புளியும் உப்பும் படுகிற பாத்திரம் சோடா நீரில் மட்டும் நஞ்சாகிவிடுமா?

பதுளை_இரசாயனம்:

கேள்வி நியாயமானது. எவர்சில்வர் சமையலறையில் கறுக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்வதுதான். சாதாரண எவர்சில்வர் பாத்திரத்தில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு வரை குரோமியம் இருக்கிறது. சமையலறையில் அந்தப் படலத்தின் மேல் வெளியிலிருந்து மின்னழுத்தம் எதுவும் செயற்படுவதில்லை. காரத்தன்மையுள்ள நீரில் அதை நேர்முனையில் கட்டி 12 வோல்ற்றைக் கொடுக்கும்போதோ, படலத்திலுள்ள குரோமியம் மேலும் ஒட்சியேற்றப்பட்டு ஆறு வலுவளவுள்ள குரோமேற்றாக நீரில் கரைகிறது. இந்த வகைக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட விடயம். தோலில் பட்டால் ஆறாத புண்ணும் ஒவ்வாமையும் வரலாம். குமிழ்கள் வெடிக்கும்போது எழும் நுண்ணிய தெறிப்பு மூச்சோடு உள்ளே போவது அதைவிடக் கேடானது.

தட்டு தேயவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிற அளவில் சரியாக இருக்கலாம், ஆனால் இதில் கேடு விளைவிக்க மிகச் சிறிய அளவே போதும். உங்கள் தொட்டியை ஓரிரு நாட்கள் அசைக்காமல் வைத்து, சேறு அடியில் தங்கிய பின், மேல் நீரைக் கையுறை அணிந்த கையால் ஒரு வெள்ளைக் கோப்பையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிந்த நீர் மஞ்சளாக இருந்தால் குரோமேற்று இருப்பதாகக் கொள்ளலாம். துருவின் கபில நிறம் கலந்திருக்கும்வரை அந்த மஞ்சள் வெளியே தெரியாது. நிறம் தெரியாவிட்டால் அது இல்லை என்று முடிவு செய்துவிடவும் கூடாது.

பண்டாரவளை_சைக்கிள்:

பார்க்கிறேன். மஞ்சளாக இருந்தால் அந்தத் தண்ணீரை என்ன செய்வது? பின்னால் ஓடும் கானில் ஊற்றலாமா?

பதுளை_இரசாயனம்:

கானில் ஊற்ற வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் சேற்றோடு சேர்த்து நிரப்பி, என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஒப்படைக்கும் வழியை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அலுவலகத்தில் கேளுங்கள். வெளியே திறந்து வைத்து வற்றவிடவும் வேண்டாம்; வற்றிய பின் மிஞ்சும் தூள் காற்றில் பறக்கும்.

ஓய்வுபெற்ற_பிட்டர்:

ஹட்டன் தம்பிக்கு, தொழிற்சாலைப் பட்டறையில் காலம் கழித்தவன் என்ற முறையில் இரும்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இரசாயனத்தைச் சேர் பார்த்துக்கொள்வார்.

பழைய இரும்புக் கடையில் எடுப்பதானால் சாதாரண மென்னுருக்கு என்று திடமாகத் தெரிந்ததை மட்டும் எடுங்கள். கொங்கிரீட் கம்பி, பூச்சு இல்லாத ஆங்கில் இரும்பு, பட்டை இரும்பு ஆகியவை நல்லவை. கம்பியை விடப் பட்டையான தகடு மேலானது, ஏனெனில் பரப்பு அதிகம். மஞ்சள் மினுக்கத்தோடு இருக்கும் போல்ட்டுகளையும் நட்டுகளையும் தொட்டிக்குள் விடாதீர்கள். அந்த மினுக்கம் நாகப் பூச்சும், பெரும்பாலும் அதன் மேல் கொடுத்த குரோமேற்றுப் பூச்சும்தான்; எவர்சில்வரைத் தவிர்த்துவிட்டு அதை உள்ளே விடுவதில் பொருளில்லை. பால்மா டின்னைச் சிலர் வெட்டிப் போடுவதுண்டு. அதன் தகடு மெல்லியது, உட்புறத்தில் அரக்குப் பூச்சும் இருக்கலாம் என்பதால் நெடுநேரம் நின்று பிடிக்காது. லொறி வில்லுப் பட்டையும் வேண்டாம். அதில் என்ன கலப்பு இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கூரைத் தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூற வேண்டும். நாகப் பூச்சை நெருப்பில் எரித்துவிட்டு மிஞ்சும் தகட்டைப் பாவிக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல உடல் நடுங்கும். வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்கு தெரியும். கொங்கிரீட் கம்பி விலை குறைவாகக் கிடைக்கும்போது தகரத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை என்ன?

வைஸில் பழைய பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கவனியுங்கள். அந்தக் காலத்து இயந்திரங்களுக்கு ஈயம் கலந்த செந்நிறப் பூச்சைத்தான் அடிப்பூச்சாக அடித்தார்கள். தொட்டியில் துருவோடு அந்தப் பூச்சும் உரிந்து வரும். அப்படி வந்தால் அந்தச் சேற்றை வெறும் துரு என்று எண்ணிக் கையால் அள்ளாதீர்கள்.

ஹட்டன்_பட்டறை:

மிக்க நன்றி, ஐயா. வைஸின் அடியில் செந்நிறப் பூச்சு இருக்கத்தான் செய்கிறது. வேறொரு சந்தேகம்: இரவில் ஓடவிட்டால் பீப்பாயை மூடி வைக்கலாமா? வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், பனியும் அதிகம்.

தலவாக்கலை_மின்:

மூடக் கூடாது. காரணத்தைக் கணக்காகவே தருகிறேன். 1 அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ 0.42 லீற்றர் ஐதரசன் வெளிவரும். உங்கள் சார்ஜர் 5 அம்பியர் கொடுத்தால் மணிக்கு 2 லீற்றருக்குச் சற்று மேல். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஐதரசன் கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைகிறது. 60 லீற்றர் பீப்பாயில் 45 லீற்றர் நீர் நிரப்பினால் மேலே 15 லீற்றர் வெற்றிடம் இருக்கும். அதில் 4 பங்கு என்பது 0.6 லீற்றர். ஆகவே மூடிய பீப்பாய்க்குள் 20 நிமிடங்களுக்குள் அந்த எல்லை எட்டப்பட்டுவிடும். அதன் பின் ஒரு கிளிப் தளர்ந்து பொறி பறந்தால் போதும்.

திறந்த பீப்பாயைக் காற்றோட்டமான தாழ்வாரத்தில் வைத்தால் ஐதரசன் மேலெழுந்து கலைந்துவிடும். நம் பக்கத்தில் குளிருக்காக யன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டு அடுப்பை எரியவிடும் வழக்கம் இருப்பதால் சொல்கிறேன்: குசினிக்கும் அதையொட்டிய அறைக்கும் இந்தத் தொட்டி போகவே கூடாது. பிள்ளைகளுக்காக மேலே நைலோன் வலையை இறுக்கிக் கட்டலாம். கோழி வலை போன்ற உலோக வலை வேண்டாம், அது இரண்டு முனைகளையும் தொட்டுக் குறுஞ்சுற்றை உண்டாக்கும். உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இரவில் ஓடவிடுவதை விடப் பகலில் ஆள் பார்வையில் ஓடவிடுவதே நல்லது. அவசரம் ஒன்றும் இல்லையே.

சார்ஜர் பழையது என்றீர்கள். அது உங்களுக்கு வசதி. இப்போது வரும் தானியங்கிச் சார்ஜர்களுள் பல, எதிரே பற்றரி இருப்பதை உணர்ந்தால்தான் மின்னைக் கொடுக்கும். தொட்டியோடு இணைத்தால் பேசாமல் இருந்துவிடும். பழைய சார்ஜர் எதையும் கேட்காமல் கொடுக்கும், அதனால் அம்பியர்மானியைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் கூடினால் அனோட்டைச் சற்றுத் தூர நகர்த்துங்கள், குறைந்தால் கிட்டே கொண்டு வாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் சரி. காலைக்கும் பகலுக்கும் வேறுபாடு தெரியும்: நீரின் வெப்பநிலை ஒரு பாகை குறைய அதன் கடத்துதிறன் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு குறைகிறது. விடியலில் 12 பாகையில் இருக்கும் தொட்டி நண்பகலில் 22 பாகைக்கு வந்தால் ஐந்தில் ஒரு பங்கு மாற்றம் வரும். சார்ஜரில் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

மின் செலவு பெரிதல்ல. 12 வோல்ற்றில் 5 அம்பியர் என்பது 60 உவாற்று. 10 மணித்தியாலத்துக்கு 0.6 அலகு, சார்ஜரின் இழப்போடு சேர்த்து ஓர் அலகை ஒட்டி வரும். இடையில் மின்வெட்டு வந்தாலும் கலங்க வேண்டாம். காரநீருக்குள் முழுவதும் மூழ்கியிருக்கும் இரும்பு எளிதில் துருப்பிடிக்காது.

அப்புத்தளை_தோட்டக்காரி:

இழையைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் சலவைச் சோடா என்று கேட்டால் சலவைத் தூளை எடுத்துத் தருகிறார்கள். அப்பச் சோடா தாராளமாகக் கிடைக்கிறது. அதைப் பாவிக்கலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் வரும் காரநீரால் எங்கள் அம்மம்மா துணி வெளுப்பார். அது உதவுமா?

பதுளை_இரசாயனம்:

அப்பச் சோடா சோடியம் இருகாபனேற்று. அதை அப்படியே கரைத்தாலும் வேலை நடக்கும், ஆனால் கடத்துதிறன் குறைவு. அகன்ற எவர்சில்வர் தட்டில் மெல்லிதாகப் பரப்பி 200 பாகை சூட்டில் வெதுப்படுப்புக்குள் ஒரு மணித்தியாலம் வைத்தால், நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறிச் சோடியம் காபனேற்றாக மாறிவிடும். எவர்சில்வருக்கு இந்த வேலை பொருத்தம்தான். அலுமினியத் தட்டை எடுக்க வேண்டாம். 1 கிலோகிராம் அப்பச் சோடாவிலிருந்து ஏறத்தாழ 630 கிராம் கிடைக்கும். எடை மேலும் குறையாமல் நின்றுவிட்டால் மாற்றம் முடிந்தது என்று கொள்ளுங்கள். தூள் கண்ணில் படாமல் கவனம்.

சலவைச் சோடா பளிங்காகக் கிடைத்தால் அளவை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பளிங்கின் எடையில் பெரும்பகுதி நீர். காபனேற்று நூற்றுக்கு 37 பங்குதான். 45 லீற்றருக்கு உலர்ந்த தூள் 225 கிராம் போதும் என்றால், பளிங்கு 600 கிராம் வேண்டும். சிலர் தொட்டி வேலை செய்யவில்லை என்று குறைப்படுவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

சாம்பல் நீர் உங்கள் அம்மம்மாவின் துணிக்கு ஏற்றது, அதில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. ஆனால் எந்த மரம், எவ்வளவு எரிந்தது என்பதைப் பொறுத்து அதன் வலிமை மாறும், குளோரைட்டும் ஓரளவு கலந்திருக்கும். துணிக்கு அது பொருட்டல்ல, அனோட்டுக்கோ பொருட்டு. கோஸ்டிக் சோடாவை யாரேனும் சிபாரிசு செய்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். வேலை செய்யும்தான், கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போய்விடலாம். அதே பயனைத் தரும் சாதுவான பொருள் இருக்கும்போது அது தேவையில்லை.

ஓய்வுபெற்ற_பிட்டர்:

தம்பி, கவ்வாத்துக் கத்திகளை இந்தத் தொட்டியில் போடாதீர்கள். வைஸும் குழாய்க் குறட்டின் உடலும் போகலாம். கத்தி கடினப்படுத்திய உருக்கு. கதோட்டில் தோன்றும் ஐதரசனில் ஒரு பகுதி அத்தகைய உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும், தேயிலை வாதில் ஓங்கிப் போடும்போது விளிம்பு சில்லாகத் தெறிக்கும். சுருள்வில்களுக்கும் இதே கதிதான். தொழிற்சாலைகளில் 200 பாகையளவில் பல மணி நேரம் சூடாக்கி அந்த வாயுவை வெளியேற்றுவார்கள், ஆனால் கத்தியின் பதம் அந்தச் சூட்டில் இளகுமா என்பது அதைச் செய்த கொல்லருக்கே வெளிச்சம். அமிலத்தில் ஊறவைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சாணைக்கல்லில் பொறுமையாகத் தேய்த்தால் கத்திக்கு அதுவே போதும்.

குறடுகளில் தாடைச் சுருள்வில்லையும் கழற்றக்கூடிய பற்பகுதியையும் முதலில் கழற்றிவிடுங்கள். பித்தளை, அலுமினியப் பாகங்களும் வெளியே வரட்டும். அலுமினியத்தைக் காரநீர் தின்றுவிடும்.

தொட்டியிலிருந்து எடுத்த இரும்பு நம் மூடுபனியில் நிமிடக்கணக்கில் மஞ்சள் பூக்கும். மின்னை நிறுத்தி, பிறகு கிளிப்பைக் கழற்றி, கறுப்புப் படிவைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, அந்தச் சூட்டோடே துடைத்து எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துவிடும். இயந்திர எண்ணெய் நல்லது. வைஸின் வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடிக்க விருப்பமில்லையென்றால் ஒரு வேடிக்கையான வழி உண்டு: கடும் தேயிலைச் சாயத்தைச் சூடான இரும்பின் மேல் சிலமுறை பூசிக் காயவிட்டால், தேயிலையிலுள்ள தனின் இரும்போடு சேர்ந்து கருநீல நிறமாகப் படியும். பார்க்க அழகு. அதன் மேல் எண்ணெயும் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

நுவரெலியா_மரக்கறி:

கழிவுநீரைப் பற்றி ஒன்று. இரும்பு அனோட்டும் சலவைச் சோடாவும் மட்டும் பாவித்து, ஈயப் பூச்சு எதுவும் கலக்காத தொட்டியென்றால் அந்தச் சேறு பெருங்கேடு செய்யாது. அதற்காகத் தேயிலைச் செடியின் அடியில் ஊற்றிவிடாதீர்கள். தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர், காரத்தன்மை 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில்தான் நன்றாக வளரும், சோடா நீர் அதற்கு நேர் எதிர். ஓடையும் வேண்டாம். ஹட்டன் பக்கத்து ஓடைகளுள் பல காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கைக்குப் போகின்றன. இடையில் எத்தனை லயக் குடியிருப்புகள் அந்த நீரை அள்ளுகின்றன என்பது நமக்குத் தெரியும்.

பதுளை_இரசாயனம்:

ஒரு சிறு திருத்தம்: அந்த 4.5, 5.5 என்பவை பீஎச் பெறுமானங்கள். எண் குறையக் குறைய அமிலம் கூடும். மற்றபடி கருத்து முழுவதும் சரி. நீரை வீணாக்கவும் தேவையில்லை. சோடா செலவாவதில்லை என்பதால், குறையும் நீரை மட்டும் நிரப்பி அதே கரைசலைப் பல தடவை பாவிக்கலாம்.

ஹட்டன்_பட்டறை:

முடிவுக்கு வந்துவிட்டேன். பீப்பாயின் உட்சுவரை ஒட்டி 12 மில்லிமீற்றர் கொங்கிரீட் கம்பிகள் நான்கை நிறுத்தி, மேலே ஒன்றாக இணைத்து, நடுவில் மூங்கில் கழியிலிருந்து வைஸைத் தொங்கவிடுவேன். செந்நிறப் பூச்சை முன்கூட்டியே ஈரத்தோடு சுரண்டித் தனியே கட்டி வைக்கிறேன். கத்திகள் சாணைக்கல்லுக்குப் போகின்றன. கம்பிகளை இணைக்கச் செப்பு வயர் பாவிக்கலாமா, அதுவும் கரையுமா?

தலவாக்கலை_மின்:

நேர்முனையில் செப்பு வயரும் கிளிப்பும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். நீருக்குள் போனால் கரையும். கம்பிகளைப் பீப்பாயின் விளிம்புக்கு மேல் ஒரு சாண் நீட்டி விட்டு, வெளியே நிற்கும் அந்த நுனியில் இணையுங்கள். எதிர்முனையில் வயர் நனைந்தாலும் கரையாது. இரண்டுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் தாராளம். வைஸில் கிளிப் கடிக்கும் இடத்தை வெறும் உலோகம் தெரியும்வரை அரத்தால் தேய்த்துவிடுங்கள், துருவின் மேல் கடித்தால் மின் ஓடாது. வைஸ் பாரமானது, மூங்கில் கழி புதியதாக இருக்கட்டும். வயரில் பாரத்தைத் தொங்கவிடாமல் தனியாக நைலோன் கயிற்றில் கட்டுங்கள்.

நான்கு கம்பிகள் சுற்றி நிற்பது நல்ல ஏற்பாடு, ஏனெனில் அனோட்டுக்கு நேரே இருக்கும் பக்கத்தில்தான் துரு விரைவாகப் போகும். சைக்கிள்கடை அண்ணன் சொன்ன சேறு படியும் தொல்லை கம்பியில் இருக்கத்தான் செய்யும். மின்னோட்டம் முழுவதும் இரும்பைக் கரைப்பதற்கே போனாலும் 1 அம்பியர் மணிக்கு 1 கிராம் அளவில்தான் குறையும். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 888 கிராம். ஆகவே தேய்ந்துவிடுமோ என்று அஞ்சாமல், மின்னை நிறுத்திவிட்டு, கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து மீண்டும் தொட்டிக்குள் வையுங்கள்.

பண்டாரவளை_சைக்கிள்:

தம்பி, மேலதிகமாக நான்கு கம்பிகளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டைத் தேய்க்கும்போது மற்றக் கட்டு தொட்டியில் நிற்கும். நானும் அப்படித்தான் செய்யப் போகிறேன். 10 மில்லிமீற்றர் கம்பித் துண்டுகள் கடையில் கிடக்கின்றன.